காற்று பிரியும் வரை

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள், அந்த ஒரு வரியைத்தான் இன்று என்னால் முழுதாக எழுத முடியவில்லை. உன் அப்பா நலம், அண்ணனும் அண்ணியும் நலம், அவர்கள் பெற்ற வாயாடி ரொம்பவே நலம். நான் குடல் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் ஏழாம் எண் கட்டிலில், மூக்கில் குழாயோடு ஆறாவது நாளாகக் கிடக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் என் பேரன்கள் இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று எழுதக் கை போகிறது, ஆனால் உன் வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாமே என்பாய். குழாய் தொண்டையை உரசிக்கொண்டே இருக்கிறது, நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தை வெறும் மூச்சாக வருகிறது. எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. சொல்வதெழுதுதலில் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை ஒரு தப்புக்கூடப் போடாதவள் நான், அதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவையும் சொல்லிக்கொள்கிறேன். இடது கையில் மருந்து ஏறுகிறது, அதை ஆட்டாமல் அட்டையில் தாளை வைத்துப் பிடித்து எழுதுகிறேன், எழுத்து சாய்ந்திருந்தால் கையைக் குற்றம் சொல்லு, என்னைச் சொல்லாதே. வாயாடி பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். படிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். படித்துவிட்டுத்தான் அனுப்புவாள், என் பேத்தியாயிற்றே.

முந்தாநாள் அவள்தான் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, அத்தை பாரு, பாட்டி பாரு என்று காட்டினாள். நீ என்னைப் பார்த்தாய். அடுத்த நிமிஷம் உன் முகம் போய் உன் வீட்டுக் கூரை தெரிந்தது. போன் கைநழுவிவிட்டது என்று பிறகு சொன்னாயாம். நேற்று உன் அண்ணனிடம், அங்கே டாக்டர் லீவில் போய்விட்டார், ஆபரேஷன் இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாய். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். இன்று காலையில் மாப்பிள்ளை உன் அண்ணனைக் கூப்பிட்டு, டாக்டர் எங்கேயும் போகல, இவளே போன் போட்டு தேதியை ரத்து பண்ணிட்டா, அத்தை மூக்குல அந்தக் குழாயைப் பார்த்ததிலிருந்து சாப்பாடு தூக்கம் ஒண்ணும் இல்ல, எனக்கு அது வேணவே வேணாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறா என்று சொல்லிவிட்டார். அவர்மேல் கோபப்படாதே. அந்தக் கட்டியை இந்த மாதத்துக்குள் எடுத்துவிடவேண்டும், தள்ளிப்போட்டால் அது குடலோடு ஒட்டிக்கொள்ளும் என்று உன் டாக்டர் சொன்னதை நீயே எனக்குச் சொல்லி அழுதாய், அவர் வேறு யாரிடம் போய்ச் சொல்வார்.

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை, இது சும்மா சொல்வதில்லை, ஏன் என்று கீழே எழுதுகிறேன். முதலில் குழாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் என்றால் வயிற்றைக் கிழிப்பார்கள், தைப்பார்கள், வலிக்கும், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண்விழித்தபோது மூக்குக்குள் ஏதோ புழு நுழைந்து தொண்டையில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கையை மூக்குக்குக் கொண்டுபோனேன், சிஸ்டர் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். மயக்கத்தில் இருக்கும்போதே போட்டுவிட்டார்களாம், உனக்கும் பெரும்பாலும் அப்படித்தான் போடுவார்கள், போடுவது உனக்குத் தெரியாது. பேனாவுக்குள் இருக்கும் மைக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், வளையும், மூக்கு வழியாக இரைப்பைவரைக்கும் போகிறது, இந்தப் பக்கம் மூக்கில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார்கள், மீதியைத் தோளில் சட்டையோடு ஊக்குக் குத்தி, கட்டில் ஓரத்தில் ஒரு பையில் விட்டிருக்கிறார்கள். பையில் பச்சையாகத் தண்ணீர் இறங்கும். பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் மாதிரி இருக்கும், பார்த்துப் பயப்படாதே, அது பித்தமும் இரைப்பைத் தண்ணீரும்தானாம், எல்லார் வயிற்றிலும் இருப்பதுதான், நாம் பார்த்ததில்லை, அவ்வளவே.

ஏன் இந்தக் குழாய் என்று டாக்டர் தம்பி சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது, உன் அப்பா சொன்னபோது முழுதும் புரிந்தது. நாற்பது வருஷம் பிளம்பர் வேலை பார்த்தவர் இல்லையா, வந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து பையைப் பார்த்தார், குழாய் சேரும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார், ஒழுகல் இல்ல, நல்லாத்தான் மாட்டியிருக்காங்க என்றார். பிறகு, இந்தா பாரு, கீழே லைன் அடைச்சிருக்கும்போது மேல் மாடியில தண்ணிய திறந்துவிட்டா என்ன ஆகும், திரும்பி மேலதான் வரும், கீழே திறக்குறவரைக்கும் மேலேயிருந்து இறைச்சுக்கிட்டே இருக்கணும், அதைத்தான் பண்றாங்க என்றார். குடலைத் தொட்டு ஆபரேஷன் செய்தால் அது கோபித்துக்கொண்டு தூங்கிவிடுமாம், சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு ஒரு வாரம். விழித்துக்கொண்டதற்கு ஒரே அடையாளம் காற்று பிரிவது. அது வரைக்கும் வாயில் பச்சைத்தண்ணீர் கிடையாது. தாகம்தான் ரொம்பக் கொடுமை, அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். மூக்கு அடைத்திருப்பதால் வாயால் மூச்சு விடுகிறோம், நாக்கு அட்டையாகக் காய்ந்துவிடும். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றச் சொல்லு, உதட்டுக்கு எண்ணெய்ப்பசையாக ஏதாவது பூசச் சொல்லு, பல் தேய்க்க விடுவார்கள், வாய் கொப்பளித்துத் துப்பிவிடலாம், அந்த ஒரு நிமிஷம் சொர்க்கம். தலைமாட்டை உயர்த்தித்தான் படுக்கவேண்டும், தட்டையாகப் படுக்கக்கூடாது.

ஆனால் மகளே, வலியைவிடக் கட்டிப்போட்டிருப்பதுதான் பெரிது. முளையில் கட்டின மாட்டுக்காவது சுற்றிவரக் கொஞ்சம் இடமிருக்கும். வலது பக்கம் திரும்பினால் மருந்து ஏறும் கை இழுக்கிறது, இடது பக்கம் திரும்பினால் மூக்கு இழுக்கிறது. இரண்டு பக்கமும் கட்டிலுக்குத் தடுப்பு. ஜன்னலில் எனக்குத் தெரிவது பக்கத்துக் கட்டடத்துச் சுவரும், அதில் போகிற ஒரு குழாயும், அந்தக் குழாயில் ஒழுகல் இருக்கிறது என்று உன் அப்பா தினமும் சொல்வதும்தான். எச்சில் விழுங்கினால்கூட தொண்டையில் அந்தக் குழாய் நான் இருக்கிறேன் என்கிறது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்று சும்மா சொல்வோமே, அதை ஆறு நாளாக அப்படியே அனுபவிக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள், ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை, இங்கே எனக்கு மாட்டிவிட்டிருக்கும் சட்டையில் முதுகுப் பக்கம் நாடா கோணலாகத் தைத்திருக்கிறது, அதைப் பிரித்துத் தைக்கக்கூட எழுந்து ஒரு ஊசி வாங்க வழியில்லை. தினமும் இரண்டு வேளை நடக்க விடுவார்கள், அப்போதும் மருந்துக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு, பையை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, கதவுவரைக்கும் போய்த் திரும்பவேண்டும். கதவைத் தொட்டுவிட்டு வருவேன். நீ மட்டும் நடக்கச் சோம்பல்படாதே, நடந்தால்தான் குடல் சீக்கிரம் விழிக்கும்.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். இதை உன் அப்பாவுக்கே இன்னும் சொல்லவில்லை. எட்டாம் கட்டிலில் ஒரு அக்கா இருந்தாள், பஸ்ஸில் கண்டக்டர், அவளுக்கும் இதே ஆபரேஷன், இதே குழாய். தினமும் காலையில் டாக்டர் தம்பி டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேரைப் பின்னால் கூட்டிக்கொண்டு வருவார், ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, காற்று பிரிஞ்சுதாம்மா என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்பார். கண்டக்டர் அக்கா இரண்டாம் நாளே, போச்சு டாக்டர், காலையிலேர்ந்து மூணு தடவை, கடைசித் தடவை இந்தம்மாவே எந்திரிச்சு உட்கார்ந்துட்டாங்க, வேணும்னா கேளுங்க என்று என்னைச் சாட்சிக்கு வேறு இழுத்தாள். குழாயை எடுத்துவிட்டார்கள், மாலையில் ஜம்மென்று உட்கார்ந்து தேநீர் குடித்தாள். எனக்கோ அந்தக் கேள்வியைக் கேட்டாலே உடம்பு கூசிவிடும். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷம், உன் அப்பா முன்னால் சத்தமாக ஓர் ஏப்பம் விட்டவள் இல்லை நான். பேரன் வயதுப் பையன்கள் ஆறு பேர் நோட்டும் கையுமாக நின்றுகொண்டு பதிலுக்குக் காத்திருந்தால் என்ன செய்வேன்.

மூன்றாம் நாள் காலையில் சம்பந்தியம்மா, உன் அண்ணியின் அம்மா, என்னைப் பார்க்க வந்தாள். அவளைப் பற்றி உனக்குத் தெரியும், பார்க்க வருவது நலம் விசாரிக்க இல்லை, போய்ச் சொல்ல. அந்தப் பச்சைத் தண்ணீரை அவள் கண்ணில் காட்டக்கூடாது என்று பையைப் போர்வைக்குள் தள்ளி, குழாயை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டேன். அவள் கிளம்புவதற்குள் டாக்டர் வந்துவிட்டார். சிஸ்டர் போர்வையை விலக்கிப் பையைப் பார்த்து, காலையில அளந்ததுக்கப்புறம் ஒண்ணுமே இறங்கல டாக்டர், குறைஞ்சிருக்கு என்றாள். எப்படி இறங்கும், நான்தான் மடக்கி வைத்திருந்தேனே. அவர் கேட்டார், காற்று பிரிஞ்சுதாம்மா. அந்தப் பக்கம் உன் அப்பா, இந்தப் பக்கம் சம்பந்தியம்மா, நடுவில் ஆறு நோட்டு. ஆச்சு தம்பி என்றேன். ஒரு வார்த்தைதான். எதற்குச் சொன்னேன் என்று நாலு நாளாக யோசிக்கிறேன், வெட்கமும் உண்டு, குழாய் போனால் போதும் என்ற ஆசையும் உண்டு, கண்டக்டர் அக்காவின் தேநீரும் உண்டு. பத்து நிமிஷத்தில் குழாயை எடுத்துவிட்டார்கள். எடுப்பது ஒன்றுமே இல்லை, மூச்சைப் பிடிங்க என்பார்கள், சர்ரென்று வரும், கண்ணில் தண்ணீர் வரும், முடிந்துவிடும். ஐயோ, அந்த ஒரு மணி நேரம் ராணி மாதிரி இருந்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என்னுடையது எட்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு அரை டம்ளர், மத்தியானம் தேநீர். சாயங்காலத்துக்குள் வயிறு பறை மாதிரி உப்பிவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, சொன்னால் மறுபடி குழாய் வருமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு வாந்தி. குடம் குடமாக, மூக்கிலும் வாயிலும். அது நெஞ்சுக்குள் போயிருந்தால் ஆளே இருக்கமாட்டாய் என்று சிஸ்டர் சொன்னாள், மரியாதையெல்லாம் பயத்தில் பறந்துவிட்டது அவளுக்கு. குழாயை மறுபடி போட்டார்கள், இந்தத் தடவை முழு நினைவோடு. காதிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து வயிற்றுக்கு அளந்து பார்த்தார்கள், வழுவழுப்பாக ஏதோ தடவினார்கள், தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்து, தள்ளத் தள்ள எச்சிலை விழுங்கிக்கிட்டே இருங்க என்றார்கள். குமட்டியது, கண்ணும் மூக்கும் ஒழுகியது, ஏற்கெனவே புண்ணாக இருந்த வழியாகவே போனது. விழுங்கினால் சீக்கிரம் போய்விடுகிறது, எதிர்த்தால்தான் வலிக்கிறது, ஒருவேளை உனக்கு விழித்திருக்கும்போது போட்டாலும் இதை ஞாபகம் வைத்துக்கொள். மறுநாள் கண்ணெல்லாம் சிவந்து முகம் வீங்கிக் கிடந்தபோதுதான் வாயாடி போனை நீட்டினாள். அதாவது மகளே, நீ பார்த்துப் பயந்த முகம் குழாய் போட்டதால் வந்த முகம் இல்லை. நான் சொன்ன பொய்யால் வந்த முகம்.

இதோடு போனால் பரவாயில்லை, கேளு. இன்று காலையில் டாக்டர் தம்பி என் கட்டிலருகே ரொம்ப நேரம் நின்றார். படிக்கிற பிள்ளைகளிடம், மூணாம் நாள் காற்று பிரிஞ்சு அப்புறம் நின்னுபோச்சுன்னா என்ன அர்த்தம் என்று கேட்டார். ஒரு பையன், திறந்த குடல் மறுபடி எங்கேயோ மடங்கி அடைச்சிருக்கு சார் என்றான். சரியான பதில் என்றார். என்னைப் பார்த்து, நாளைக்குப் பத்து மணிக்குள்ள முடிவு பண்ணிடலாம்மா, அனேகமா மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார். உன் அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புரிந்துபோயிற்று. திறந்து மூடியது என்று அவர்கள் நினைப்பதே என் வார்த்தையை நம்பித்தான். அது திறக்கவே இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இல்லாத அடைப்பைத் தேடி என் வயிற்றை மறுபடி கிழிக்கப்போகிறார்கள். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். ஆறு பேர் முன்னால் பொய்க்காரி ஆவதா என்று நினைப்பு. பகல் முழுவதும் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூக்கில் இருப்பதையாவது சிஸ்டர் வந்து எடுப்பாள், இதை நான்தான் எடுக்கவேண்டும்.

உன் பொய்யைக் கேட்டபோது கோபம் வரவில்லை, என் சத்தம் எனக்கே கேட்டது மாதிரி இருந்தது. டாக்டர் லீவு என்று நீ சொன்னதும், ஆச்சு தம்பி என்று நான் சொன்னதும் ஒரே துணியில் வெட்டியது. உன் மூக்கும் வீறாப்பும் என்னுடையது என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். இப்போது நமக்குள் ஒரு ஒப்பந்தம். நாளைக் காலை பத்து மணிக்கு நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ உன் ஆபரேஷன் தேதியைத் திரும்ப வாங்கு. சொன்ன பிறகு மீதியை எழுதுகிறேன். பக்கத்தை இங்கே நிறுத்துகிறேன், கை வலிக்கிறது.

மறுநாள் எழுதுவது. சொல்லிவிட்டேன். அவர் வந்து நின்றதும் கேட்பதற்கு முன்னாலேயே, தம்பி, அன்னிக்குக் காற்று பிரியல, நான் பொய் சொன்னேன், குழாயையும் நான்தான் மடக்கி வெச்சேன் என்றேன். குரல் கம்மித்தான் வந்தது, இருந்தாலும் வார்டு முழுக்கக் கேட்டுவிட்டது, அவ்வளவு அமைதி. ஒரு பையன் நோட்டால் வாயை மூடிக்கொண்டான். டாக்டர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், ஒரு தடவைகூடப் போகலையாம்மா என்றார், இப்போது மெதுவாகத்தான் கேட்டார். ஒரு தடவைகூட இல்லை என்றேன். கையிலிருந்த அட்டையில் எதையோ அடித்து எழுதினார். வயிற்றில் கருவியை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். ஏம்மா, இதை நேத்து சொல்லியிருந்தா நான் கத்தியைப் பத்திப் பேசியிருக்கவே மாட்டேனே, இது இன்னும் தூங்கிட்டிருக்கிற குடலா இருக்கலாம், இன்னிக்கு ஒரு ஸ்கேன் எடுப்போம், அதுல அடைப்பு தெரியலைன்னா திறக்க வேணாம், காத்திருப்போம் என்றார். ஸ்கேன் எடுத்துவிட்டு இப்போதுதான் கொண்டுவந்து போட்டார்கள். அடைப்பு ஒன்றும் தெரியவில்லையாம். கத்தி இல்லை. குழாய் உண்டு, எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது.

கண்டக்டர் அக்கா இன்று வீட்டுக்குப் போகிறாள், மூட்டை கட்டிக்கொண்டே, அடிப்பாவி, ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிச்சிருக்கியேம்மா என்று சிரித்துவிட்டு, என் உதட்டில் பஞ்சை ஒற்றிவிட்டுப் போனாள். உன் அப்பா என்ன சொல்வாரோ என்றுதான் எனக்குப் பயம். எல்லாரும் போனபிறகு காதோரம் குனிந்தார். நாப்பத்தெட்டு வருஷமா ராத்திரியில எனக்குக் காது கேக்காதுன்னா நினைச்சிருந்தே என்றார். சிரித்தால் தையல் இழுக்கும், சிரிக்க வைக்காதீங்கன்னு சொல்லவும் முடியவில்லை, இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

கடிகாரம் எதிர்ச் சுவரில் இருக்கிறது, நகர்கிற மாதிரியே தெரியவில்லை. இன்னும் ஒரு மடக்குத் தண்ணீர் இல்லை. நான் இங்கே இப்படியேதான் கிடக்கிறேன், அதை மாற்றி எழுதமாட்டேன், இனி உனக்கு நலம் என்று பொய்யாக ஒரு வரியும் எழுதமாட்டேன். என் பங்கை நான் முடித்துவிட்டேன். இதைப் படித்து முடித்த கையோடு உன் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு அதே தேதியைத் திரும்பக் கேள், கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த தேதி. மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடு. குழாய் போடுவார்கள், வாய் காயும், தொண்டை எரியும், கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், ஒருநாள் எடுத்துவிடுவார்கள். பையை ஒளிக்காதே. யார் நின்றாலும் சரி, எத்தனை பேர் நோட்டு வைத்திருந்தாலும் சரி, கேட்டால் உள்ளதைச் சொல். இல்லை என்றால் இல்லை.

நீ நூறு வயது நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும், உன் பிள்ளைகள் உன் மடியில் வளரவேண்டும், உன் வயிற்றில் வைக்கும் கத்தி பூவாக இறங்கவேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேரன்களுக்கு ஆளுக்கொரு முத்தம். உதட்டுக்குப் பூச மறக்காமல் ஏதாவது எடுத்துக்கொண்டு போ. போன் போட்டுவிட்டு, ஆச்சும்மா என்று ஒரு வார்த்தை அனுப்பு. உண்மையாகவே ஆன பிறகு அனுப்பு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஏழாம் எண் கட்டில்.